குடும்பத் தொடர்பு

அலுவலகத்தில் அவளுக்குக் காது என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயரில் தப்பும் இல்லை. அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றின் தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டு, மொழிபெயர்த்து, கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் மேலே எழுதுவதுதான் அவள் வேலை. உளவுத்துறை என்றதும் சினிமாவில் வருவதுபோல் கற்பனை செய்துகொள்கிறவர்கள் அந்த அறையைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, காதை அழுத்தும் ஹெட்போன், எப்படித் திருகினாலும் குளிரைக் குறைக்காத ஏசி. அவ்வளவுதான்.

குடும்பத்தாருக்கு அவள் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்ப்பவள். குடும்பம் என்றால் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு முறை நிச்சயம் வரைக்கும் போய் நின்றது. அந்த மனிதர் நல்லவர்தான். "ஆபீஸ்ல தினமும் என்னதான் பண்றீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். முதல் தடவை பொய் சொன்னாள். இரண்டாவது தடவை கேட்டபோது, ஆயுள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே என்று மலைப்பாக இருந்தது. பிறகு அவளே ஏதோ சாக்குச் சொல்லி விலகிக்கொண்டாள்.

தூதரகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். பேச்சுக்கு நடுவில் இருமுவார் என்பதால் இருமல்காரர் என்று அவள் மனத்துக்குள் பெயர் வைத்திருந்தாள். பல வருடங்களாக அவர் குரலைக் கேட்டு வந்தாள். அவருடைய ரத்த அழுத்தம், மகளின் வயலின் வகுப்பு, ஊரில் இருக்கும் மாமியாரோடு ஒரு வீட்டுக்காக நடக்கும் வழக்கு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணக்குப் பார்த்தால் அவள் வேறு யார் குரலையும் அவ்வளவு நாள் கேட்டதில்லை. அவருக்கோ இப்படி ஒருத்தி உலகத்தில் இருப்பதே தெரியாது.

தேர்தல் அறிவித்த பிறகு இருமல்காரரின் பேச்சு மாறியது. துறைமுகத்தை ஒட்டிய தொகுதி ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசினார். அங்கே ஆளுங்கட்சி வேட்பாளர் ஒரு பல் டாக்டர். எதிர்த்து நின்றவர் ஒரு வக்கீலம்மா. துறைமுகத்தை இருமல்காரரின் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடுவதை நீதிமன்றத்தில் தடுத்து வைத்திருந்தவர் அவர்தான். வக்கீலம்மா ஜெயித்துவிடக் கூடாது என்பதில் இருமல்காரர் குறியாக இருந்தார்.

அந்தத் தொகுதியில் பல் டாக்டரின் பிரச்சார அலுவலகத்தில்தான் தம்பி வேலை பார்த்தான். விளம்பரக் கம்பெனி மூடிப்போய் வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு இந்த வேலை கிடைத்தபோது அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். மக்களுடைய போன்களுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பு அவனுடையது. டாக்டர் ஜெயித்தால் அவருடைய உதவியாளராகவே ஆகிவிடலாம் என்று தம்பி கனவு கண்டுகொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் இருமல்காரர் தன் மேலதிகாரியிடம் பேசிய பேச்சு வந்தது. வக்கீலம்மாவுக்குப் புற்றுநோய், பதவிக்காலம் முடியும்வரை தாங்கமாட்டார், அதை மறைத்து ஓட்டுக் கேட்கிறார் என்று ஒரு கதையைக் கிளப்பப்போகிறார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி ஒரு படமும் தயாராகிவிட்டது. யார் மூலம் பரப்புவது என்று மேலதிகாரி கேட்டார். இருமல்காரர் இருமிவிட்டுச் சொன்னார்: "டாக்டரின் அலுவலகத்தில் செய்தி அனுப்புகிறவன் ஒருவன் இருக்கிறான். எதைக் கொடுத்தாலும் பரப்புவான். எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டான். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற ரகம்."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பக் கேட்டாள். தவறாக எதையும் கேட்டுவிடவில்லை. அந்த அலுவலகத்தில் செய்தி அனுப்புகிறவன் ஒருவன்தான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால்கூடக் கேட்கக் கூசி வெறுங்கையோடு வருவான். அவளுக்கு மட்டுமே தெரிந்த அவன் குணத்தை முகம் தெரியாத ஒருவர் எடைபோட்டு வைத்திருக்கிறார்.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். விட்டாலும் அறிக்கைக்குப் பெரிய குறை வராது. ஆனால் எதை விட ஆரம்பித்தாலும் பிறகு அது வேலையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. முழுவதையும் எழுதினாள். எழுதிய கையோடு பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பிரிவுத் தலைவர் மோசமான ஆள் இல்லை. ஓய்வுக்கு முன் ஏதாவது ஒரு நாட்டுக்குத் தூதராகப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அதற்காக யாரையும் பகைத்துக்கொள்ளாமல் காலம் தள்ளியவர். அவள் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரிய விஷயம்தான். இன்னிக்கே மேல அனுப்பறேன்."

"இன்னொண்ணு சார். அதுல செய்தி அனுப்பறவன்னு வருதில்ல. அது என் தம்பி."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கூடப் பிறந்தவனா?"

"ஆமா சார். விதிப்படி சொல்லணுமில்லையா."

"விதிப்படி சொல்லணும்தான்," என்று இழுத்தார். "சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானும் எழுதியாகணும்."

அன்றே அவளை அந்தக் கோப்பிலிருந்து விலக்கினார்கள். இருமல்காரரின் குரல் வேறொரு மேசைக்குப் போனது. அவளுக்கு வேறொரு நாட்டின் வணிகக் கப்பல்களைப் பற்றிய பேச்சுகள் வந்தன. எண்ணெய், கன்டெய்னர், கட்டணத் தகராறு. அந்த வாரம் முழுவதும், தன்னை அறியாமல், எங்காவது இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அறிக்கை என்ன ஆயிற்று என்பது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. பிரதமர் அலுவலக ஆலோசகர் தலைமையில் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. பொதுமக்களை எச்சரிக்கலாமா, வக்கீலம்மாவிடமாவது சொல்லலாமா என்று பேசியிருக்கிறார்கள். தேர்தல் முடிவையே மாற்றும் அளவுக்கு இது பெரிதா என்று ஆலோசகர் கேட்டாராம். அதை அளப்பதற்கு யாரிடமும் அளவுகோல் இல்லை. ஆளுங்கட்சி வேட்பாளருக்கு அயல்நாடு உதவுகிறது என்று ஆளுங்கட்சி அரசாங்கமே அறிவிப்பதா என்று ஒருவர் கேட்டாராம்.

லிப்ட் வாசலில் பிரிவுத் தலைவரைப் பார்த்தபோது, பக்கத்தில் யாரும் இல்லை என்பதால், அவள் கேட்டேவிட்டாள்.

"ஏதாவது பண்ணுவாங்களா சார்?"

"சொன்னா நாமளே தேர்தல்ல தலையிட்டோம்பாங்க. சொல்லலன்னா மறைச்சோம்பாங்க," என்றார் அவர். "ரெண்டாவது பழி வர இன்னும் நாள் இருக்கு. அதனால அதையே எடுத்துக்கிட்டாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் 'உறுதி' என்று எழுதியது கூட்டத்துக்குப் போகும்போது 'வாய்ப்பு உண்டு' என்று ஆகியிருந்தது. அடியில் ஒரு குறிப்பும் சேர்ந்திருந்தது: எழுதிய அதிகாரிக்கு இந்த விஷயத்தில் குடும்பத் தொடர்பு உள்ளது. ஆலோசகர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கோப்பை மூடினாராம்.

"நான் சொன்னதே நம்பகமா இருக்கணும்னுதானே சார்."

"தெரியும்மா," என்றார் அவர். லிப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். அவள் படியில் இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். தம்பி மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் போனை அவள் பக்கம் திருப்பினான்.

"இதப் பாரேன் அக்கா. அந்த வக்கீலம்மாவுக்கு கேன்சராம். சொல்லாம மறைச்சிருக்காங்க."

திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கேன் படம். கீழே வக்கீலம்மாவின் பெயர்.

"யார் குடுத்தா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"வந்துது. குரூப்ல வந்துது. காலைலேருந்து ஊர் முழுக்க இதான் பேச்சு."

"ஒருத்தரோட உடம்பைப் பத்தி... நமக்கு எதுக்குடா. விட்டுடேன்."

தம்பி சிரித்தான். "உனக்கு அரசியல் தெரியாதுக்கா. நீ புள்ளிவிவரத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இரு."

தம்பி மனைவியும் சிரித்தாள். மருமகள் மட்டும், "அத்தை, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? தட்டுல அப்படியே இருக்கே," என்றாள். எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் அவளுக்குச் சிறை. சிறைக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. எடுத்துக்கொண்ட உறுதிமொழி ஒன்று இருந்தது. மேலே இருப்பவர்கள் எதையாவது செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தட்டில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

மேலே யாரும் எதுவும் செய்யவில்லை. வக்கீலம்மா தன் மருத்துவச் சான்றிதழைக் காட்டினார். அதுவும் போலி என்று பேசினார்கள். கூட்டங்களில் அவர் தண்ணீர் குடித்தால்கூட ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். தம்பி போனில் கத்திய கத்தலில் அவள் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம்டா," என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் அமுங்கிக் கிடந்தது. தம்பி நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர் ஆகிவிட்டான். புதுச் சட்டை, புது நண்பர்கள். பிறகு ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. தூதரகத்தின் வேலை அரசுக்கு முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது என்று. யார் வெளியே சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லோர் பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாள் கணக்கில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அவள் அல்ல என்று முடிவான பிறகும், தேநீர் வேளையில் அவள் வந்தால் பேச்சு நின்றது.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. அமைச்சர் பதில் சொன்னார். அறிக்கையை எழுதிய அதிகாரியின் நெருங்கிய உறவினர் அந்த வேட்பாளரின் பிரச்சார அலுவலகத்தில் பணியாற்றினார், ஆகவே அதை எச்சரிக்கையோடு அணுக வேண்டியிருந்தது என்றார். அவள் விதிப்படி சொன்ன உண்மை அரசாங்கத்துக்குக் குடையாகப் பயன்பட்டது.

மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தான். அவள் வீட்டுக்கு அவன் வந்து வெகு நாளாகியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்திலேயே நின்றான்.

"எங்க ஆபீஸ்ல இருந்ததே பத்துப் பதினஞ்சு பேர். அதுல அரசாங்க வேலைல இருக்கற சொந்தக்காரங்க எனக்கு மட்டும்தான்."

அவள் நாற்காலி ஒன்றை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"புள்ளிவிவரம்னு சொன்னியேக்கா. இத்தனை வருஷமா."

"உள்ள வந்து உக்காருடா."

"நீயா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

ஆமாம் என்றாலும் குற்றம், இல்லை என்றாலும் பொய். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எங்க வீட்டுப் பேச்சையும் கேட்டியா? நான் பேசறது, அவ பேசறது?"

"இல்ல." இதைச் சொல்வதுகூட விதிமீறல்தான். "உன் குரலை நான் உன் வீட்லயும் என் போன்லயும்தான் கேட்டிருக்கேன். வேற எங்கயும் கேட்டதில்ல."

அவன் நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. கொஞ்சம் தணிந்து கேட்டான்.

"அந்த ஸ்கேன் பொய்னு உனக்கு அன்னிக்கே தெரியும். நான் காட்டினப்பவே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் நிறுத்தியிருப்பேன்ல."

"விட்டுடுன்னு சொன்னேனே."

"அது ஊர்ல யார் வேணா சொல்றது."

அது உண்மைதான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"என்னைப் பத்தி என்ன பேசினாங்க அவங்க?" என்றான். "பேப்பர்ல 'ஒரு பணியாளர்'னு போட்டிருக்கான். என்னை அவங்க ஆள்னு நெனச்சானா? காசு வாங்கினவன்னு சொன்னானா? என்னதான் சொன்னான்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அவள் காதில் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் சொல்லல," என்றாள். "உன்னைப் பத்திப் பேச்சே வரல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனான்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அவளை மூடிய அறையில் விசாரித்தார்கள். கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். உள்ளே நான்கு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிவிட்டார். தம்பியின் விசாரணை பொதுவில் நடந்தது. அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே ஆணையத்துக்கு எழுதிப்போட்டுப் போனான். உறுப்பினர் அலுவலகத்தில் அன்றோடு அவனுக்கு வேலை போயிற்று.

அலுவலக கேன்டீனில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மதிய உணவு நேரம். அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். தம்பி நன்றாக முகம் மழித்து, பழைய சட்டை ஒன்றைப் போட்டு வந்திருந்தான். காலரில் பொத்தான் இல்லை. அது எப்படித் தன் கண்ணில் பட்டது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆணையத்தின் வக்கீல் கேட்டார். "அந்தப் படம் எங்கிருந்து வந்ததுன்னு விசாரிச்சீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"அங்க யாரும் கேக்கலைங்க."

வக்கீல் ஒரு தாளை எடுத்தார். அரசின் அனுமதியோடு ஒரு வரியை மட்டும் படிப்பதாகச் சொன்னார். படித்தார். எதைக் கொடுத்தாலும் பரப்புவான். எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டான். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற ரகம். அவள் மொழிபெயர்த்த வரிகள், அவள் தேர்ந்தெடுத்த சொற்கள். 'ரகம்' என்ற சொல்லுக்கு அன்று அவள் எவ்வளவு யோசித்திருந்தாள். 'ஆள்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் மெதுவாக விழுந்திருக்குமோ.

தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"சரியாத்தாங்க சொல்லியிருக்கான்," என்றான். "நான் அப்படித்தான் இருந்தேன். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன்."

கேன்டீனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தட்டுகளைச் சத்தம் வராமல் எடுத்துவைத்துவிட்டுப் போனார்கள். மரியாதைக்காகத்தான் போனார்கள், அது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆணையம் தடிமனான அறிக்கை கொடுத்தது. அந்த ஸ்கேன் பொய் என்றது, நடைமுறைகளைச் செம்மைப்படுத்த வேண்டும் என்றது. பல் டாக்டர் கட்சியிலிருந்து விலகினார், பதவியிலிருந்து விலகவில்லை. பிரிவுத் தலைவர் ஆசைப்பட்டபடியே சின்ன நாடொன்றுக்குத் தூதராகப் போனார். இருமல்காரரை அவருடைய நாடு திருப்பி அழைத்துக்கொண்டது. அவளைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த மொழியின் எழுத்துகளை இப்போது அவள் கற்றுக்கொடுக்கிறாள். அந்த அறையில் ஜன்னல் இருக்கிறது.

தம்பி மரச்சாமான் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். உறவு முறிந்துவிடவில்லை. போன் செய்வான். மருமகளின் மார்க், மழை, குழாயில் தண்ணீர் வராதது எல்லாம் சொல்வான். கோபமாகக்கூடப் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தான். மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுபோல முழு வாக்கியங்களாகப் பேசினான். அவள் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் ஒரு கணம் கழித்துத்தான் சிரித்தான். "சரிக்கா, வெச்சிடறேன்," என்ற பிறகும் அவள் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பாள்.

அடுத்த தேர்தல் வந்தது. ஒரு வேலையாகத் துறைமுகத்துப் பக்கம் போனவள் பேருந்துக்காக நின்றிருந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. தெருமுனையிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வந்தது. நடுவில் வக்கீலம்மா. தொலைக்காட்சியில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். ஒவ்வொருவரிடமும் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டே வந்தார். அவளிடமும் வந்தார்.

"வணக்கம்மா. மறக்காம ஓட்டுப் போட்டுடுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். இந்த முகத்திடம் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. முதல் ஆளாகத் தெரிந்தவள் நான், எழுதினேன், என் தம்பிதான் அது, எழுதியது போதாமல் போயிற்று. எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வாய் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்தது.

"உடம்பு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுவிட்டாள்.

வக்கீலம்மாவின் முகம் மாறியது. சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் விலகிப்போயின.

"நல்லாத்தாம்மா இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. அது பொய்னு ஆணையமே சொல்லியாச்சு," என்றார். நூறு தடவை சொன்னதைச் சொல்கிற அலுப்பு. "எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க."

"இல்லம்மா, நான் அதுக்காகக் கேக்கல..."

அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போயிருந்தார். பக்கத்தில் நின்ற பெண், "பாவம், மறைக்கறாங்க. முகத்தைப் பாத்தாலே தெரியல?" என்று அவளிடம் கிசுகிசுத்தாள்.

"இல்லைங்க," என்றாள் அவள். "அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அந்தப் பெண்.

பேருந்து வந்து நின்றது. அது அவள் போக வேண்டிய பேருந்து இல்லை. இருந்தாலும் ஏறிக்கொண்டாள்.